இரண்டு எருக்கு

எருக்கஞ்செடியை அறியாத தமிழர் இலர். கண்மாய்க் கரையிலும், சுடுகாட்டுப் பாதையிலும், இடிந்த சுவரின் ஓரத்திலும் எவரும் நடாமலே அது வளர்கிறது. எவரும் நீர் விடாமலே பூக்கிறது. ஆடுமாடுகள் பெரும்பாலும் அதனை நாடுவதில்லை. ஆண்டுக்கு ஒருநாள், விநாயகர் சதுர்த்தியன்று, அதன் மலருக்கு மாலையாகும் பேறு வாய்க்கிறது. மறுநாள் அது மீண்டும் தெருவோரத்துச் செடியாகிவிடுகிறது. இத்துணை எளிய செடி ஒன்றை வரையத் தெரியாமல் நான் என் ஆசிரியர்முன் தலைகுனிந்து நின்றேன். அந்நிகழ்ச்சியைச் சொல்லி, அதன் வாயிலாகத் தாவர ஓவியம் என்னும் கலையைப் பற்றி நம் சங்கத்துத் தோழர்க்கும் தோழியர்க்கும் சில செய்திகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தவறிய படம்

நான் இங்கே தாவரவியலில் எம்.எஸ்ஸி. பயில்கிறேன். சிவகங்கைச் சீமையில் ஒரு சிற்றூர் என் பிறப்பிடம். தந்தையாருக்குத் தில்லியில் வேலை கிடைத்தபோது எனக்கு வயது ஒன்பது. இப்போது இருபத்து மூன்று. ஆகவே ஊரில் வாழ்ந்த ஆண்டுகளைவிட இங்கு வாழ்ந்த ஆண்டுகளே மிகுதி. ஆயினும் 'உன் ஊர் எது?' என்று யாரேனும் வினவினால், என் வாயில் தில்லி என்ற சொல் வருவதில்லை. நம்மில் பலரும் இவ்வாறே என்பதை நான் அறிவேன்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் வளாகத்தில் வளரும் செடி ஒன்றை அறிவியல் முறைப்படி வரைந்து தரவேண்டும் என்று பணித்தார்கள். நண்பர்கள் கொன்றையையும் இலவத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நான் எருக்கைத் தேர்ந்தேன். ரிட்ஜ் என்று இங்குள்ளோர் வழங்கும் மேட்டுக் காட்டின் ஓரத்தில் அது புதர்புதராக நிற்கிறது. இவ்வூரார் அதனை 'ஆக்' என்பர். மூன்று நாள் காலையில் அதன் எதிரில் அமர்ந்து வரைந்து, நான்காம் நாள் வண்ணம் தீட்டி, அடியில் செடியின் பெயரும் 'இடம்: தில்லி' என்ற குறிப்பும் எழுதி, மனநிறைவோடு ஆசிரியரிடம் கொடுத்தேன்.

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே சென்று ஒரு பூங்கொத்தைப் பறித்துவந்து தாளின்மேல் வைத்தார். "கைத்திறன் நன்றாக இருக்கிறது. ஆனால் நீ வரைந்த செடி அங்கே இல்லையே!" என்றார்.

பார்த்தேன். கொத்தில் இருந்த மலரின் ஐந்து இதழ்களும் சிறு கிண்ணம்போல் நிமிர்ந்து நின்றன. இதழ் வெண்மை, நுனியில் மட்டும் கருஞ்சிவப்பு கலந்த ஊதா. என் படத்திலோ இதழ்கள் அகல விரிந்து, பின்னோக்கிச் சாய்ந்து, முழுவதும் வெளிறிய ஊதா நிறத்தில் இருந்தன.

எருக்கு நம் நாட்டில் இருவகைப்படும். கலோட்ராப்பிஸ் ஜைகாண்டியா என்பது ஒன்று. தென்னாட்டில் நாம் மிகுதியாகக் காண்பது இதுவே. இதன் இதழ்கள் விரிந்து மடங்கும். கலோட்ராப்பிஸ் புரோசெரா என்பது மற்றொன்று. தில்லி, இராசத்தான் முதலிய வறண்ட வடபகுதிகளில் பெருகி வளர்வது இது. இதன் இதழ்கள் நிமிர்ந்து நிற்கும். தமிழகத்திலும் வறண்ட இடங்கள் சிலவற்றில் இரண்டாவது வகை உண்டு. ஆனால் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நின்றது முதல் வகைதான்.

இவ்வேறுபாட்டை நான் நூலில் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன். அவ்வாறிருந்தும் மூன்று நாள் கண்ணெதிரே இருந்த மலரை நான் பார்க்கவே இல்லை. எருக்கு என்ற சொல் மனத்தில் எழுந்ததும் கை தானாகக் கண்மாய்க் கரைக்குப் போய்விட்டது. தெற்கத்தி மலர் ஒன்றை வரைந்து, அதனடியில் 'இடம்: தில்லி' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அறிவியலில் இது பொய்ச்சான்று.

ஆசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "படத்தை மாற்று, அல்லது இடத்தை மாற்று. இரண்டும் இப்படியே இருக்க முடியாது" என்று மட்டும் சொன்னார். அச்சொல் படத்தைப் பற்றியது மட்டும்தானா என்று நான் பல நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தாவர ஓவியம் யாது?

மலரை வரைவதெல்லாம் தாவர ஓவியம் ஆகாது. கோலத்தில் தாமரை இருக்கிறது. சேலைக் கரையில் மாங்காய் இருக்கிறது. கோயில் தூணில் கொடி ஓடுகிறது. அவை அழகுக்காக அமைந்தவை. அவற்றில் இதழ் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கேட்பாரில்லை. தாவர ஓவியத்தில் அது பெரும்பிழை. இன்ன செடி இதுதான் என்று, அதனைக் கண்டிராத ஒருவரும் படத்தைக் கொண்டே துணியவேண்டும். அதுவே இக்கலையின் முதல் இலக்கணம்.

இதற்காகச் சில முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. இயலுமாயின் செடியை அதன் இயற்கை அளவிலேயே வரைவர். இயலாவிடின் அளவுகோலை ஓரத்தில் குறிப்பர். இலையின் மேற்புறத்தோடு ஓர் இலையேனும் திரும்பி அடிப்புறத்தைக் காட்டும். மொட்டு, மலர், காய், விதை ஆகிய நான்கும் ஒரே தாளில் இடம்பெறும். மலரைப் பிளந்து உள்ளுறுப்புகளைப் பெரிதாக்கித் தாளின் அடியில் தனித்தனியே வரைவர். செடியின் பின்னால் வானமோ மண்ணோ வீடோ இராது. வெறும் வெள்ளைத் தாள்தான்.

கைப்பேசியிலேயே ஒளிப்படம் எடுக்கும் இக்காலத்தில் இம்முயற்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒளிப்படம் ஒரு நொடியில் ஒரு மலரைப் பிடிக்கிறது. அம்மலரில் பூச்சி அரித்த ஓட்டையையும், அன்று விழுந்த நிழலையும் சேர்த்தே பிடிக்கிறது. ஓவியமோ பல மாதங்களை ஒரு தாளில் கூட்டுகிறது. ஆடியில் பூத்ததும் மார்கழியில் காய்த்ததும் அதில் அருகருகே நிற்கும். எது அச்செடியின் இயல்பு, எது அன்றைய விபத்து என்று ஓவியர் தேர்ந்து வரைகிறார். புதிய தாவரம் ஒன்றை உலகுக்கு அறிவிக்கும் ஆராய்ச்சியாளர் இன்றும் கோட்டோவியத்தை இணைப்பது இதனால்தான். பழைய தாவரப் பெயர்கள் சிலவற்றிற்கு உலர்த்திய செடி மூலச்சான்றாகக் கிடைக்கவில்லை. ஓவியமே மூலச்சான்றாக நிற்கிறது.

வெள்ளைத் தாளும் ஐந்திணையும்

இம்முறையைப் பயின்றபோது எனக்கு ஒரு மனக்குறை எழுந்தது. செடியை அதன் நிலத்திலிருந்து பிடுங்கி வெள்ளைத் தாளில் நிறுத்துகிறோம். சுற்றியிருந்த மண் இல்லை, நீர் இல்லை, அதன்மேல் வந்து அமரும் வண்டு இல்லை. பிழைப்புக்காக ஊரை விட்டுப் பெயர்ந்து, புகைவண்டி நிலையத்தில் பெட்டியோடு நிற்கும் மனிதனைப்போல் அச்செடி தோன்றியது.

நம் முன்னோர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர்கள். மலையும் மலைசார்ந்த நிலமும் குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடற்கரை நெய்தல், வறண்ட நிலம் பாலை. செடிகொடி மரங்களின் பெயரையே நிலத்திற்கு இட்டார்கள். அவர்களிடத்தில் செடி தனியே நிற்பதில்லை. ஒரு மலரைச் சொன்னால் நிலம் வரும். நிலத்தோடு பொழுது வரும். பறவையும் விலங்கும் தொழிலும் வரும். இறுதியில் அந்நிலத்தில் பிரிந்தும் கூடியும் வாழும் இருவரின் மனம் வரும். நம் எருக்குக்கும் அங்கே இடமுண்டு. காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் செய்த குதிரைமேல் ஏறி, எருக்கமாலை சூடித் தெருவில் வருவதைக் குறுந்தொகையில் காணலாம். மானத்தை விட்டவன் சூடுவதற்கு அதனினும் பொருத்தமான மலர் வேறு இல்லை.

இங்கே இன்னொரு செய்தியையும் நினைவூட்ட விரும்புகிறேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை வரிசையாகத் தொகுத்துள்ளார் என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அப்பாட்டு ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடப்பட்டது என்பது அந்நூலைப் பற்றிய பழங்குறிப்பு. அஃதாவது, நம் மலைச்சாரலைப் பார்த்திராத வடநாட்டார் ஒருவருக்காகவே அந்த மலர்த்தொகை பாடப்பட்டிருக்கிறது. தாவர ஓவியர் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே. பார்த்திராதவர்க்கு ஓர் இடத்தை அதன் செடியைக்கொண்டு காட்டுவது.

இவ்வெண்ணத்தோடு தில்லியில் நடந்து பாருங்கள். ஜன்பத் சாலையின் இருமருங்கும் நிற்கும் 'அர்ஜுன்' மரம், நம் ஆற்றங்கரைகளில் வளரும் மருதமரமே. மருதநிலத்து மரம் தலைநகரின் சாலைக்கு நிழல் தருகிறது. மறுபுறம் ரிட்ஜ் காட்டுக்குள் சென்றால் எங்கும் பரந்து நிற்பது எங்கள் சிவகங்கை, இராமநாதபுரச் சீமையில் எங்கும் பரந்து நிற்கும் சீமைக் கருவேல மரம். இவ்வூரார் அதனை 'விலாயதி கீகர்' என்கிறார்கள். சீமை என்றாலும் விலாயதி என்றாலும் பொருள் ஒன்றுதான்: அயல்நாட்டிலிருந்து வந்தது. முதன்முதலில் அக்காட்டுக்குள் சென்றபோது 'நம் ஊர்போல் இருக்கிறதே!' என்று நான் மகிழ்ந்தேன். ஊரை நினைவூட்டிய அம்மரமோ அமெரிக்கக் கண்டத்து மரம்! ஊர் என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரையறுப்பது நாம் எண்ணுவதுபோல் எளிதன்று.

வரைந்தோர் இருவர்

நம் நாட்டுச் செடிகளை இம்முறையில் வரைந்தோரின் வரலாறு நீண்டது. கேரள நாட்டுச் செடிகளைப் பற்றிய 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. சோழமண்டலக் கரையின் செடிகளைப் பற்றி வில்லியம் ராக்ஸ்பரோ தொகுத்த நூல் 1795 முதல் 1820 வரை 300 படங்களோடு இலண்டனில் வெளிவந்தது. இத்தகைய நூல்களின் அட்டையில் தொகுத்த ஐரோப்பியரின் பெயர் பெரிதாக இருக்கும். நம் நாட்டு ஓவியர்களின் பெயரோ பெரும்பாலும் எங்குமே இராது.

இதற்கு விலக்காக அமைந்தவர்கள் இருவர்: ரங்கையா, கோவிந்து. ஸ்காட்லாந்தில் 1796-இல் பிறந்து, 1819-இல் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர் ராபர்ட் வைட். இவர் தென்னிந்தியச் செடிகளைத் தொகுக்கும் பணியில் ஈடுபட்டு, 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் 2,101 படங்களைக் கொண்ட பெருநூலை வெளியிட்டார். அவருக்காக முதலில் ரங்கையாவும், அவருக்குப்பின் கோவிந்துவும் வரைந்தார்கள். இருவரும் தெலுங்கு பேசியவர்கள். தஞ்சை ஓவிய மரபோடு தொடர்புடையவர்கள் என்று கருதப்படுகின்றனர். கோவையைச் சூழ்ந்த சமவெளிச் செடிகளும், நீலமலைச் செடிகளும் இவர்கள் கையால் தாளில் ஏறின. 

வைட் தம் படங்களில் ஓவியர் பெயரைப் பொறித்தார். அதனினும் மேலாக, ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினத்திற்குக் 'கோவிந்தூயியா' என்று பெயரிட்டார். பிற்கால ஆராய்ச்சியில் அப்பேரினம் வேறொன்றனுள் அடங்கிவிட்டமையால் அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. ஆயினும் தாவரவியல் ஏடுகளில் அது பதிந்தே இருக்கும். ஒருமுறை வெளியான பெயரை அவ்வியல் அழிப்பதில்லை. எடின்பரோ அரச தாவரத் தோட்டத்தில் இவர்களுடைய ஓவியங்கள் 700-க்கு மேல் காக்கப்படுகின்றன. ஹென்றி நோல்ட்டி என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 2007-இல் நூலாக வெளியிட்ட பிறகே, இவ்விருவர் பெயரும் பலர் அறியலாயிற்று.

அவ்வோவியங்களின் அச்சுப் படிகளை நான் எங்கள் துறை நூலகத்தில் பார்த்தேன். அவற்றிலும் பின்புலம் இல்லை, வெள்ளைத் தாள்தான். ஆனால் அவற்றைப் பார்க்கப் பார்க்க என் மனக்குறை நீங்கலாயிற்று. தண்டின் கணுவில் உள்ள மயிர், இலைக்காம்பின் திருகல், காய் வெடிக்கும் இடம் ஆகியவற்றை அவர்கள் எவ்வளவு பொறுமையோடு பார்த்திருக்கிறார்கள்! வறண்ட நிலத்துச் செடியின் இலை தடித்திருக்கிறது. மழைக்காட்டுச் செடியின் இலைநுனி நீர் வடிய ஏற்றவாறு கூராக நீண்டிருக்கிறது. நிலம் தாளைவிட்டுப் போகவில்லை. அது செடியின் உடம்புக்குள் இருக்கிறது. உடம்பைச் சரியாக வரைந்தால் நிலமும் கூடவே வந்துவிடுகிறது.

இம்மரபு இன்றும் அற்றுப்போகவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருமரங்களைப் பெங்களூரைச் சேர்ந்த நிருபா ராவ் வரைந்து, திவ்யா முடப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ஆகிய இயற்கையறிஞர்களின் எழுத்தோடு 2018-இல் ஒரு நூல் வெளிவந்துள்ளது. அதில் ஓவியரின் பெயர் அட்டையிலேயே இருக்கிறது.

எருக்கை வரையும் முறை

இனிச் செய்முறைக்கு வருவோம். எருக்கையே எடுத்துக்கொள்ளலாம், எங்கும் கிடைக்கும், யாரும் தடுக்கமாட்டார்கள்.

முதலாவது, எச்சரிக்கை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணுக்குக் கேடு. கொத்தை ஒடித்தவுடன் பால் வடியவிட்டு, கையைக் கழுவிய பின்னரே எழுதுகோலை எடுக்கவேண்டும்.

இரண்டாவது, வரையுமுன் எண்ணுக. இலைகள் எதிரெதிராக இணையிணையாக இருக்கும். ஓர் இணை கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த இணை வடக்கு தெற்காக இருக்கும். இலைக்குக் காம்பு மிகக் குறுகியது. இலையடி தண்டைத் தழுவியிருக்கும். புல்லிவட்டம் ஐந்து, இதழ் ஐந்து. நடுவில் மணிமுடிபோல் நிற்கும் சதைப்பற்றான உறுப்பும் ஐந்து. இம்முடியைக் கிழித்துப் பார்த்தால் மகரந்தம் தூளாக இராது. இணையிணையான சிறு பொதிகளாக இருக்கும். வண்டின் காலில் பொதி அப்படியே சிக்கிக்கொண்டு அடுத்த மலருக்குப் போகும். இவற்றை எண்ணித் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளாமல் ஒரு கோடும் இழுக்கக் கூடாது.

மூன்றாவது, அளந்து வரைக. இலையின் நீளத்தையும் அகலத்தையும் கவராயத்தால் அளந்து தாளில் புள்ளியிட்டு, பிறகு கோட்டால் இணைக்கவேண்டும். கண் ஏமாற்றும். நம்மை நோக்கி நீண்டிருக்கும் இலை குறுகித் தோன்றும்; நாம் அறிந்த நீளத்துக்கு அதனைக் கை நீட்டிவிடும். அறிந்ததை வரையாமல் கண்டதை வரைவதே இங்கு நோன்பு.

நான்காவது, நிறம். குப்பியில் வரும் பச்சையை அப்படியே பூசினால் இலை நெகிழித் தாள்போல் ஆகிவிடும். மஞ்சளையும் நீலத்தையும் கலந்து, சிறிது சிவப்புச் சேர்த்து அடக்கவேண்டும். எருக்கிலையின்மேல் மாவு பூசியதுபோன்ற வெண்படலம் உண்டல்லவா? அதற்கு வெள்ளை வண்ணம் பூசலாகாது. தாளின் வெண்மையை அங்கங்கே தீண்டாமல் விட்டுவிட வேண்டும். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தீட்டப்படுவதன்று, விடப்படுவது.

ஐந்தாவது, குறிப்பு. செடியின் பெயர், எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகிய நான்கும் தாளில் இருக்கவேண்டும். இவை இல்லாத படம் முகவரி இல்லாத கடிதம்.

இம்முறைப்படி நான் மீண்டும் ரிட்ஜ் ஓரத்தில் அமர்ந்தேன். இம்முறை ஏழு நாளாயிற்று. நிமிர்ந்த இதழ்களையும் ஊதா நுனிகளையும் எண்ணி அளந்து வரைந்தேன். ஆசிரியர் ஏற்றுக்கொண்டார்.

அப்பத்தாவின் தீர்ப்பு

பழைய படத்தைக் கிழித்தெறிய எனக்கு மனம் வரவில்லை. 'இடம்: தில்லி' என்பதை அடித்துவிட்டு 'இடம்: சிவகங்கை' என்று எழுதிவிடலாம் என்று எண்ணினேன். இவ்வெண்ணத்தோடு இரண்டு தாளையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வீட்டில் அப்பத்தா இருந்தார். அப்பத்தாவுக்குத் துணையாக ஊரில் யாரும் இல்லாமற்போனதால், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஊர்வீட்டை விற்றுவிட்டு அவரை இங்கே அழைத்துவந்தோம். நான்காம் மாடியில் ஒரு பலகணி, அதில் ஒரு துளசித் தொட்டி. அவருடைய உலகம் அவ்வளவாகச் சுருங்கிவிட்டது. பேச்சும் குறைந்துவிட்டது. அவர் எழுத்தறியாதவர். இரண்டு தாளையும் அவர்முன் விரித்து, ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

சரியான படத்தை முதலில் தொட்டார். "இது இந்த ஊரு எருக்கு. குவிஞ்சே நிக்கும். நம்மூருது மாதிரி மல்லாந்து பூக்காது."

நான் திடுக்கிட்டேன். "அப்பத்தா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வந்த வருசம் சதுர்த்திக்கு மாலை கட்டையிலயே பார்த்தேன். ஊசி கோர்க்கிற இடமே வேற மாதிரி இருந்துச்சு. யாரு கேட்டீங்க, நான் சொல்ல?"

நான் ஐந்து ஆண்டு தாவரவியல் படித்தும் காணாததை, அவர் ஒரு காலைப்பொழுதில் விரல்களால் கண்டிருக்கிறார். எங்களில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

பிறகு தவறிய படத்தைக் கையில் எடுத்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "இது நம்ம கண்மாக்கரை எருக்கு" என்றார். நான் வெற்றி பெற்றதாகவே நினைத்தேன். ஆனால் அவர் விரல் படத்தின் மேல்முனையில் நின்றது. "பூ நம்மூருதுதான். மொக்குதான் என்னமோ மாதிரி இருக்கு. நம்மூரு மொக்கு இப்படி உருண்டையா இருக்காது."

மறுநாள் நூலை எடுத்துப் பார்த்தேன். வடக்கத்தி எருக்கின் மொட்டு உருண்டையானது. தெற்கத்தி எருக்கின் மொட்டு சற்று நீண்டு, விளிம்பு கட்டியது. ஊரிலுள்ள அத்தை மகனிடம் சொல்லிக் கைப்பேசியில் ஒளிப்படம் அனுப்பச் செய்தேன். அப்பத்தா சொன்னதே சரி. எங்கள் துறையில் ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரத் தொகுப்பு உண்டு. அங்கே தென்னாட்டிலிருந்து வந்த பழைய தாள் ஒன்றும் அதனையே காட்டியது.

அப்போதுதான் உண்மை விளங்கிற்று. ஆசிரியருக்கு நான் வரைந்து கொடுத்தது தில்லி எருக்கும் அன்று. சிவகங்கை எருக்கும் அன்று. மலரை ஒன்பது வயதின் நினைவிலிருந்து வரைந்திருக்கிறேன். மொட்டைக் கண்ணெதிரே இருந்த செடியிலிருந்து வரைந்திருக்கிறேன். ஊரில் மொட்டைக் கவனித்துப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. ஆகவே இல்லாத இடத்தை இங்குள்ளது வந்து நிரப்பிவிட்டது. மலர் தெற்கு, மொட்டு வடக்கு. அப்படியொரு செடி எந்த நிலத்திலும் முளைத்ததில்லை. 'ஊர், ஊர்' என்று நான் பதினான்கு ஆண்டுகளாகச் சொல்லிவந்ததும் இவ்வாறு கலந்ததுதானோ என்று அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆயினும் இதில் எனக்கு வருத்தம் மட்டும் இல்லை. மறுவாரம் புதிய தாள் ஒன்றை எடுத்தேன். இடப்புறம் வடக்கத்தி எருக்கு; வலப்புறத்தில் இடம் விட்டிருக்கிறேன். ஊருக்குச் சென்று, கண்மாய்க் கரையில் அமர்ந்து, எண்ணி அளந்து அதனை வரைவேன். விற்றது வீட்டைத்தான், கரை பொது. அப்பத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் மாலையில் அவரிடம் ஒவ்வொரு செடியாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன்: தும்பை, ஆவாரை, நெருஞ்சி, குப்பைமேனி. அவர் பேசுகிறார்.

வேண்டுகோள்

நம் சங்கத்தில் அறிவியல் பயில்வோர் உள்ளனர். வரலாறு, பொருளாதாரம் பயில்வோரும் உள்ளனர். இதற்கு ஓவியத்தில் பெருந்திறன் வேண்டுவதில்லை. ஒரு தாள், ஓர் எழுதுகோல், மூன்று காலைப்பொழுது போதும். ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் வளரும் செடி ஒன்றையும், அதன் இனமாகவோ உறவாகவோ இங்கே வளரும் செடி ஒன்றையும் வரைந்து தந்தால், வரும் பொங்கல் விழாவில் அவற்றைக் கண்காட்சியாக வைக்கலாம். வீட்டில் பெரியோர் இருப்பின், வரைந்ததை முதலில் அவர்களிடம் காட்டுங்கள். நூலை அதன்பின் பாருங்கள்.

தவறிய அந்தப் படமும் கண்காட்சியில் இருக்கும். அதன் அடியில் 'தில்லி' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். 'சிவகங்கை' என்றும் எழுதவில்லை. 'நினைவிலிருந்து வரைந்தது, மொட்டு பிழை' என்று எழுதியிருக்கிறேன். அது மெய்யான குறிப்பு. நீங்களும் மற்ற வரிகளை விரைவாக எழுதலாம். 'இடம்' என்ற வரியை மட்டும் சற்று நின்று, எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.